கோட்டையும் குடியேற்றமும்: இர்விங்கின் 'அஸ்டோரியா' – ஒரு மறுவாசிப்பு

வாஷிங்டன் இர்விங் என்றதும் நம் நினைவுக்கு வருவது மலைச்சாரலில் இருபதாண்டு உறங்கி எழுந்த ரிப் வான் விங்கிளின் கதையே. அச்சிறுகதையின் சுருக்கத்தைப் பள்ளிப் பருவத்தில் படிக்காத ஆங்கில மாணவர் அரியர். அதே ஆசிரியர் 1836-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அஸ்டோரியா' என்னும் பெருநூலைப் பற்றியோ நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், கொலம்பியா ஆறு பசிபிக் கடலோடு கலக்கும் இடத்தில், 1811-இல் எழுந்து 1813-இல் கைமாறிய ஒரு மென்மயிர்த் தோல் வணிகக் கோட்டையின் வரலாறே அந்நூலின் பொருள்.

ஒப்பிலக்கிய வகுப்புகளில் குடியேற்ற இலக்கியத்தைக் கற்பிக்கும்போது 'முன்னோடி' என்னும் சொல்லை நாம் ஆராயாமலே கையாளுகிறோம். முன்னே சென்றவர் யார், அவர் பின்னே வந்தவர் யார், முன்னவர் சென்ற வழியில்தான் பின்னவர் வந்தனரா என்னும் வினாக்கள் எழுவதில்லை. தோல் வணிகன் முதலில் சென்றான். உழவன் பின்னே வந்தான். ஆகவே வணிகன் உழவனுக்கு வழிகாட்டி என்பது ஐயத்திற்கு இடமற்ற வரலாற்று வரிசைபோல் நம் பாடக்குறிப்புகளில் இடம்பெற்றுவிட்டது. அவ்வரிசையை இலக்கியமாக்கிய நூல்களுள் 'அஸ்டோரியா' தலையாயது. ஆயின், அந்நூலின் நிகழ்ச்சிகளைக் கூர்ந்து நோக்கினால் அவை ஆசிரியரின் கருத்துக்கு எதிராகவே சான்று கூறுகின்றன என்பது நம் துணிபு. கோட்டையும் குடியேற்றமும் ஒரே பயணத்தின் இரு கட்டங்கள் அல்ல. ஒன்றின் நலன் மற்றொன்றின் அழிவாக அமைந்தது.

நூல் பிறந்த சூழல்

இர்விங் பதினேழு ஆண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்துவிட்டு 1832-இல் தாயகம் திரும்பினார். ஐரோப்பியப் பழமையை எழுதிப் புகழ்பெற்றவர், இனி அமெரிக்கப் பொருளைப் பாட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அவரைச் சூழ்ந்திருந்தது. அதே ஆண்டில் அவர் மேற்குப் புல்வெளிகளுக்குப் பயணம் செய்தார். அப்பயண நூல் 1835-இல் வெளிவந்தது. அக்காலத்தில்தான் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்னும் பெருவணிகர், தாம் முன்னர் எடுத்து இழந்த முயற்சியின் வரலாற்றை எழுதித் தருமாறு அவரை வேண்டினார். ஆவணங்களை ஆஸ்டரே வழங்கினார். அவற்றைத் திரட்டி ஒழுங்குபடுத்தும் பணியை இர்விங்கின் உடன்பிறந்தார் மகன் பியேர் மன்ரோ இர்விங் செய்தார். அவருக்குரிய ஊதியத்தையும் ஆஸ்டரே கொடுத்தார்.

இதனை வைத்துப் பிற்கால அறிஞர் நெடிய வழக்காடினர். 1884-இல் பேன்கிராஃப்ட், இர்விங் செல்வந்தரின் புகழ்பாடியவர் என்றும், கேப்ரியல் பிரான்ஷேர் என்னும் எழுத்தரின் பிரெஞ்சு நூலிலிருந்து நன்றியறிவிப்பின்றி எடுத்தாண்டவர் என்றும் சாடினார். 1902-இல் சிட்டென்டன் தோல் வணிகம் பற்றித் தாம் எழுதிய விரிவான வரலாற்றில் இர்விங்கின் நம்பகத்தன்மையை நிலைநாட்ட முயன்றார். நமக்கு இவ்வழக்கில் ஈடுபாடு குறைவு. இர்விங் கூலிக்கு எழுதினாரா இல்லையா என்பதைவிட, எந்நேரத்தில் எழுதினார் என்பதே முதன்மையானது. ஆஸ்டர் 1834-இல் தோல் வணிகத்திலிருந்து முற்றாக விலகினார். ஐரோப்பியத் தொப்பித் தொழிலில் பட்டுத் தொப்பி நுழைந்து, பீவர் தோலின் விலை சரியத் தொடங்கிய காலம் அது. வணிகம் தன் ஆயுளை முடித்துக்கொள்ளும் வேளையில்தான் அதன் வரலாறு எழுதப்படுகிறது. இலாபம் ஈட்டவியலாத ஒரு தொழில், இப்பொழுது ஒரு நாட்டின் விரிவாக்கத்திற்கு வித்தாகப் பொருள் மாறுகிறது. இர்விங்கின் முடிவுப் பகுதி இதனை மறைக்கவும் இல்லை. அரசு ஆஸ்டருக்குத் துணைநின்றிருந்தால் பசிபிக் கரையில் ஓர் அமெரிக்கக் குடியேற்றம் தழைத்திருக்கும் என்று அவர் வருந்துகிறார். இழந்த முதலீடு இழந்த பேரரசாக உருமாறும் இடம் அது.

கோட்டை என்னும் சொல்

'கோட்டை' என்றதும் தமிழ் மாணவர் மனத்தில் எழுவது செஞ்சியோ வேலூரோ ஆகும். அஸ்டோரியா அத்தகையதன்று. நட்ட மரக்கம்பங்களால் ஆன வேலி, பட்டை போர்த்த மரவீடுகள், பண்டகசாலை, வெடிமருந்து அறை, சில சிறு பீரங்கிகள், ஒரு காய்கறித் தோட்டம் ஆகியவையே அதன் உறுப்புகள். 1813 டிசம்பரில் அதனைக் கைப்பற்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் 'ரக்கூன்' வந்தபோது, அதன் தலைவர் பிளாக், இதனையா இத்துணைப் பெரிதாகப் பேசினீர்கள், ஒரு சிறு பீரங்கியால் இரண்டு மணி நேரத்தில் தகர்த்துவிடலாமே என்னும் பொருள்படக் கூறி ஏமாற்றமடைந்ததாகப் பதிவு உண்டு. அதற்கு முன்பே, அக்டோபரிலேயே, கோட்டை மான்ட்ரியாலைத் தலைமையிடமாகக் கொண்ட வடமேற்குக் கும்பினிக்கு விற்கப்பட்டுவிட்டது. ஆகவே, போர்த்தலைவர் வென்றது முன்னரே விலைபோன ஒரு கடையை. அதற்கு மன்னரின் பெயரால் ஜார்ஜ் கோட்டை எனப் பெயரும் சூட்டினார்.

இப்பெயர் நமக்குச் சென்னையை நினைவூட்டும். அங்கே பெயர் தந்தவர் புனிதர், இங்கே அரசர். பெயரொற்றுமை தற்செயலானதே. எனினும், அமைப்பு ஒற்றுமை தற்செயலன்று. 1600-இல் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் 1670-இல் ஹட்சன் விரிகுடாக் கும்பினிக்கும் பட்டயம் வழங்கியது ஒரே ஆங்கில அரசுதான். பண்டகசாலையும் காவல் வேலியும் ஒருங்கே அமைந்த கும்பினிக் கோட்டை என்னும் வடிவத்தைத் தமிழ்க் கடற்கரை 1640 முதலே அறியும். (ஹட்சன் விரிகுடாக் கும்பினி 2025-இல் தன் கடைகளையெல்லாம் மூடியது, முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஒரு வாணிக வரலாறு.) எனவே, 'கும்பினி' என்னும் நம் பழஞ்சொல்லையே இக்கட்டுரையில் கையாளுகிறோம்.

இவ்வடிவத்தின் இயக்கத்தை அறிந்தாலன்றி இர்விங்கின் நூலை மதிப்பிட இயலாது. பீவர் என்பது நீரோடைகளில் அணைகட்டி வாழும் விலங்கு. அதன் உள்மயிர் நுண்கொக்கிகள் உடையது. அடித்துப் பிசைந்தால் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியான கம்பளமாகும். அக்கம்பளமே ஐரோப்பியரின் தொப்பியாயிற்று. வடபகுதிக் கோட்டைகளில் நன்கு பதப்படுத்திய ஒரு முழுப் பீவர் தோலே நாணய அலகு. துப்பாக்கி, கம்பளி, கெண்டி அனைத்திற்கும் விலை அதிலேயே கூறப்பட்டது. ஆஸ்டரின் திட்டம் இன்னும் அகன்றது. நியூயார்க்கிலிருந்து சரக்கு கொலம்பியாவுக்கு வரும். அங்கிருந்து பீவரும் கடல் நீர்நாய்த் தோலும் சீனத்துக் கான்டனுக்குச் செல்லும். கான்டனிலிருந்து தேயிலையும் பட்டும் பீங்கானும் நியூயார்க்கை அடையும். முதற்குழுவை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் 'டொங்க்வின்'. வடவியட்நாமுக்கு ஐரோப்பியர் வழங்கிய பெயர் அது. அஸ்டோரியாவின் முகம் நியூயார்க்கை நோக்கியதைவிடக் கான்டனை நோக்கியே இருந்தது என்பதைக் கப்பலின் பெயரே காட்டிவிடுகிறது.

இத்திட்டத்தில் உழவனுக்கு இடம் எங்கே? காடு காடாகவும் ஓடை ஓடையாகவும் இருந்தாலன்றிப் பீவர் இல்லை. வேட்டையாடித் தோல் கொணரும் மக்கள் தம் நிலத்தில் தம் வாழ்வோடு இருந்தாலன்றி வணிகம் இல்லை. உழவனுக்கோ காடு அழிய வேண்டும். நிலம் ஆளில்லாது இருக்க வேண்டும்.

ஆசிரியர் கருத்தும் நிகழ்ச்சிகளின் சான்றும்

இர்விங் கதை சொல்வதில் வல்லவர். அவ்வன்மையே அவர் கருத்துக்கு இடையூறாகிறது. கோட்டையின் முதல் வாரங்களிலேயே, படகு கவிழ்ந்து மக்டூகல் என்னும் பங்காளர் அலைகளில் சிக்கியபோது, அவரைக் காப்பாற்றியவர்கள் சினூக் தலைவர் காம்காம்லியின் மக்கள். உணவுக்கு மீனும் மான்கறியும் கொணர்ந்தவர்கள் அவர்களே. காம்காம்லி தோல் வாணிகத்தில் கைதேர்ந்த இடைத்தரகர். உள்நாட்டு மக்கள் கோட்டைக்கு நேரே வராதவாறு அச்சுறுத்தி வைத்துவிட்டு, அவர்களிடம் தாம் வாங்கி வெள்ளையரிடம் கூடுதல் விலைக்கு விற்றார். இதனை இர்விங் தந்திரம் எனச் சித்திரிக்கிறார். நியூயார்க்கில் இருந்துகொண்டு கான்டன் சந்தையைத் தன் கைக்குள் கொணர விழைந்த ஆஸ்டரின் செயலோ அவர் எழுத்தில் தொலைநோக்கு எனப்படுகிறது. இரண்டும் ஒரே தொழிலின் ஒரே நுட்பம்.

நூலில் நாம் மிக நின்று படிக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1811-இல் டொங்க்வின் கப்பல் வடக்கே வான்கூவர் தீவின் கரையில், கப்பல்தலைவர் தோர்ன் ஒரு தலைவரை அவமதித்ததன் விளைவாகத் தாக்கப்பட்டு, பின் வெடித்துச் சிதறியது. இச்செய்தி எட்டியதும் கோட்டையினர் அஞ்சினர். அப்பொழுது மக்டூகல் சுற்றுவட்டாரத் தலைவர்களை அழைத்து ஒரு சிறு புட்டியைக் காட்டி, இதனுள் பெரியம்மை அடைபட்டுள்ளது, எம்மைத் தாக்கினால் இதனைத் திறந்துவிடுவேன் என்று மிரட்டினார். அம்மக்கள் அதற்கு முன்பே பெரியம்மையால் பேரழிவு கண்டவர்கள். நினைவில் இருந்த கொடுமையே அவர்களை அடக்கியது. இர்விங் இதனை ஒரு சாமர்த்தியச் செய்தியாகவே, சிறு நகைச்சுவையோடு கூறிச் செல்கிறார்.

அந்நகைச்சுவை எழுதப்பட்ட காலத்தில் கொலம்பியாவின் கீழ்ப்பகுதியில் நிகழ்ந்துகொண்டிருந்தது வேறு. 1830 முதல் ஆண்டுதோறும் கோடையில் பரவிய ஒருவகை முறைக்காய்ச்சல் – மலேரியா என்பது பிற்கால ஆய்வாளர் முடிவு – ஆற்றங்கரைச் சிற்றூர்களை ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாக்கியது. அவ்வூர்களின் மக்களுள் மிகப் பெரும்பாலோர் பத்தாண்டுக்குள் மடிந்தனர். கதைக்காலம் 1814-ஐ ஒட்டி முடிவதால் இது நூலில் இடம்பெறவில்லை என்று ஆசிரியருக்காக வாதிடலாம். அது ஓரளவு நேர்மையான வாதமே. எனினும், 1840-களில் வண்டிகளில் வந்த குடியேறியோர் கண்ட 'ஆளில்லாத' பள்ளத்தாக்கு இயற்கையாக ஆளில்லாதிருந்ததன்று. புட்டி திறக்கப்படவில்லை; நோய் வேறு வழியாக வந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி அஸ்டோரியாவின் நகைச்சுவை எத்தகையது என்பது விளங்காது.

பெயரற்ற பெண்கள்

மக்டூகல் 1813-இல் காம்காம்லியின் மகளை மணந்தார். இர்விங் இம்மணத்தைக் கேலிக்கூத்தாக வரைகிறார். மணப்பெண்ணின் உடற்பூச்சும் எண்ணெய் மணமும், அவளைத் தேய்த்துக் குளிப்பாட்டியதும் விரிவாகப் பேசப்படுகின்றன. அவள் பெயர் பேசப்படவில்லை. ஆனால், இம்மணம் இல்லையேல் கோட்டைக்கு உணவும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. சில்வியா வான் கிர்க், ஜெனிபர் பிரவுன் ஆகியோர் 1980-இல் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகள் இதனைத் தெளிவாக நிறுவியுள்ளன. கோட்டைகளில் நிகழ்ந்த இத்தகைய மணங்கள் வாணிக உடன்படிக்கைகளாகவும் உறவு வலைகளாகவும் இருந்தன. பனிக்காலணி பின்னியவரும், தோல் பதப்படுத்தியவரும், மொழிபெயர்த்தவரும் அம்மனைவியரே. கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, என் மகள் ஒரு வீரனை மணந்ததாக எண்ணினேன், ஒரு பெண்ணையன்றோ மணந்திருக்கிறாள் என்று காம்காம்லி எள்ளியதாக இர்விங்கே எழுதுகிறார். கேலி இங்கே திசைமாறுவதை அவர் உணர்ந்தே எழுதினார் என நினைக்கிறோம்; நூலின் நல்ல இடங்களுள் ஒன்று அது.

காம்காம்லியின் இன்னொரு மகள் வழிப் பேரன் ரனால்ட் மெக்டொனால்ட். 1824-இல் அதே கோட்டையில் பிறந்த அவர், 1848-இல் கதவடைத்திருந்த ஜப்பானுக்குள் தாமாகவே நுழைந்து, நாகசாகியில் காவலில் இருந்தபடி ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்க்கு ஆங்கிலம் கற்பித்தார். ஆசிரியர்களாகிய நாம் இவரை நினைவிற் கொள்ளலாம். கோட்டையின் பிள்ளைகள் எங்கெல்லாம் சென்றனர் என்பதற்கு அவர் ஒரு சான்று. வண்டித் தடத்தின் வரலாற்றில் அவருக்கு இடம் இருப்பதில்லை.

'அஸ்டோரியா'வின் நெஞ்சை உருக்கும் பகுதி வேறொரு பெண்ணுக்கு உரியது. வில்சன் பிரைஸ் ஹண்ட் தலைமையில் தரைவழியே வந்த குழுவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் பியேர் டோரியான். அவருடைய மனைவி ஐயோவா இனத்தவர். இரு சிறுவரோடும் வயிற்றில் ஒரு குழந்தையோடும் நடந்தார். ஸ்நேக் ஆற்றில் படகுப் பயணம் தோற்று, குழு பசியால் வாடிய நாள்களில், 1811 டிசம்பர் 30 அன்று அவர் வழியில் ஒரு குழந்தையைப் பெற்றெடுத்தார். மறுநாளே பிள்ளையைக் கையிலேந்திக் குதிரைமீது குழுவை வந்தடைந்தார். குழந்தை எட்டு நாள்களில் இறந்தது. 1814 சனவரியில், ஸ்நேக் ஆற்றுப் பகுதியில் வேட்டைக் குழுவினர் கொல்லப்பட, கணவரை இழந்த அவர் இரு சிறுவரோடு நீலமலைத் தொடரில் பனிக்காலத்தைக் கழித்தார். குதிரைகளைக் கொன்று இறைச்சியை உணவாக்கி, தோலாலும் பைன் கிளைகளாலும் குடில் அமைத்து, வசந்தம் வந்ததும் மலையைக் கடந்து வாலா வாலா மக்களிடம் சேர்ந்தார். தாயகம் திரும்பிக்கொண்டிருந்த அஸ்டோரியர் படகுகள் அவ்வழியே வந்தபோது கரையிலிருந்து ஒரு குழந்தை பிரெஞ்சு மொழியில் கூவி அழைத்ததைக் கேட்டுக் கரைசேர்ந்தனர். பிரான்ஷேர் நேரில் கண்டு எழுதியதை இர்விங் தம் நடையில் விரித்துரைத்தார்.

இத்துணை விரிவாகக் கூறியவர் அப்பெண்ணின் பெயரைக் கூறவில்லை. 'டோரியானின் ஸ்குவா' என்றும், அவன் மனைவி என்றும் மட்டுமே குறிக்கிறார். அவர் பெயர் மேரி. பின்னர் மேலும் இருமுறை மணம் புரிந்து, 1841-இல் மூன்றாம் கணவர் ழான் தூப்பேனோடு வில்லமெட் பள்ளத்தாக்கில் குடியமர்ந்தார். 1850-இல் இறந்து, செயின்ட் லூயிஸ் என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இர்விங்கின் நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கே நம் கருத்துக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். வில்லமெட்டில் 'பிரெஞ்சுப் புல்வெளி' எனப்பட்ட பகுதியில் முதலில் உழுதவர்கள் கும்பினிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக் கனடியர்தாமே. அவர்களுள் முன்னாள் அஸ்டோரியரும் இருந்தனரே. எனின் கோட்டை குடியேற்றத்தைப் பெற்றெடுத்தது என்பது பொய்யாகுமா? பொய்யாகாது. ஆனால், கோட்டை பெற்ற குடியேற்றம் மேரி டோரியானின் குடியேற்றம். முதற்குடித் தாய்களும் கலப்பினப் பிள்ளைகளும் வாழ்ந்த ஊர்கள் அவை. 1843-இல் ஏறக்குறைய ஆயிரம் பேராகத் திரண்டு வண்டிகளில் வந்தவர்கள் அவ்வூர்களின் தொடர்ச்சியாகத் தம்மைக் கருதவில்லை. முன்னோடி என்னும் பட்டத்தை அவர்கள் தமக்கே சூட்டிக்கொண்டனர்.

தலைப்பின் மாற்றம்

இதனை நூற்றலைப்புகளே காட்டும். இர்விங் தம் துணைத்தலைப்பில் அஸ்டோரியாவை மலைகளுக்கு அப்பாலுள்ள ஒரு தொழில்முயற்சி என்றே குறித்தார். அதே முயற்சியில் எழுத்தராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் ராஸ் தம் நினைவுகளை 1849-இல் இலண்டனில் வெளியிட்டபோது, தலைப்பிலேயே தம் குழுவினரைக் கொலம்பியாவின் 'முதற் குடியேறிகள்' என்றார். இடையில் நிகழ்ந்தது என்ன? 1846-இல் ஓரிகன் உடன்படிக்கை கையெழுத்தாகி, 49-ஆம் இணைகோட்டுக்குத் தெற்குப் பகுதி அமெரிக்காவுக்கு உரியதாயிற்று. எல்லை வரைந்த பின்னரே வணிகர் குடியேறிகளாயினர். அக்காலத்தில் வணிக நிலையங்களையும் குடியிருப்பு எனக் கூறும் வழக்கு இருந்தது உண்மையே. ஆயினும், 1849-இன் வாசகர் அச்சொல்லை எப்பொருளில் படித்திருப்பர் என்பதில் ஐயமில்லை.

1893-இல் சிகாகோவில் பிரடெரிக் ஜாக்சன் டர்னர் வாசித்த புகழ்பெற்ற கட்டுரை இவ்வரிசையைக் கோட்பாடாக்கியது. எருமை, முதற்குடி வேட்டைக்காரர், தோல் வணிகர், கால்நடை வளர்ப்போர், உழவர் என ஓர் ஊர்வலம் ஒருவர் பின் ஒருவராகச் செல்வதை அவர் மனக்கண் முன் நிறுத்தினார். டர்னர் விஸ்கான்சின் மாநில வணிகத்தைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். தோல் வணிகத்தை அறியாதவர் அல்லர். எனினும், ஊர்வலம் என்னும் உருவகம் ஒரு மோதலை வரிசையாக்கிவிடுகிறது. ஊர்வலத்தில் செல்வோர் ஒருவரையொருவர் தள்ளுவதில்லை.

தள்ளினர் என்பதற்கு ஒரே ஒரு குடும்பம் போதும். டொங்க்வின் கப்பலோடு அழிந்த பங்காளர் அலெக்சாண்டர் மெக்கே, 1793-இல் மெக்கன்சியோடு பசிபிக்கை அடைந்தவர் என்று இர்விங் பெருமையுடன் அறிமுகப்படுத்துகிறார். அவர் விட்டுவந்த மனைவி மார்கரீத், சுவிட்சர்லாந்துத் தந்தைக்கும் முதற்குடித் தாய்க்கும் பிறந்தவர். மார்கரீத் பின்னர் டாக்டர் ஜான் மெக்லாக்லினின் மனைவியானார். 1821-இல் இரு கும்பினிகளும் இணைந்தபின், கொலம்பியாவின் வடகரையில் எழுந்த வான்கூவர் கோட்டைக்கு மெக்லாக்லின் தலைவரானார். அக்காலத்தில் கும்பினியின் கொள்கை அமெரிக்கரை விலக்குவதாகும். ஸ்நேக் ஆற்றுப் பகுதியில் பீவரே இல்லாதவாறு வேட்டையாடித் தீர்த்துவிட்டால் அமெரிக்க வேட்டையாளர் வரமாட்டார் என்று ஆளுநர் சிம்சன் திட்டமிட்டார். பீட்டர் ஸ்கீன் ஆக்டன் அப்படைகளை நடத்தினார். தன் வாழ்வாதாரத்தையே அழித்துக் குடியேற்றத்தைத் தடுக்க முனைந்த ஒரு கும்பினியைக் குடியேற்றத்தின் முன்னோடி என்பது எவ்வாறு பொருந்தும்?

அதே 1836-இல், 'அஸ்டோரியா' நூல் கடைகளுக்கு வந்த ஆண்டில், வான்கூவர் கோட்டைக்கு ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவர் வந்தார். அவர் பெயரே ஹெர்பர்ட் பீவர் என்பது வரலாற்றின் குறும்பு. திருச்சபை முறைப்படி மணம் செய்யாத மார்கரீத்தை அவர் இலண்டனுக்கு அனுப்பிய அறிக்கையில் இழிவாகக் குறித்தார். அதனை அறிந்த மெக்லாக்லின் 1838-இல் கோட்டை முற்றத்திலேயே குருவைத் தடியால் அடித்தார். கோட்டையின் ஒழுகலாறும் வரவிருந்த சமூகத்தின் ஒழுகலாறும் முதன்முதலில் மோதிய இடம் அதுவே எனலாம். கால் நூற்றாண்டுக்கு மேல் இல்லறம் நடத்தியவர்கள் 1842-இல் கத்தோலிக்கக் குருவின் முன் முறைப்படி மணம் செய்துகொண்டனர்.

மெக்லாக்லின் இரக்கமுடையவர். பசியோடு வந்த குடியேறியோர்க்குப் படகும் விதையும் கடனும் கொடுத்தார். கும்பினி மேலிடம் இதனை விரும்பவில்லை. 1846-இல் அவர் பணியிலிருந்து விலகி ஓரிகன் நகரில் குடியமர்ந்தார். 1850-இல் அமெரிக்கக் காங்கிரசு இயற்றிய நிலக்கொடைச் சட்டம், தனியாளுக்கு 320 ஏக்கரும் மணமான இணைக்கு 640 ஏக்கரும் வழங்கியது. அச்சட்டத்தின் பதினோராம் பிரிவு மெக்லாக்லின் கோரிய ஓரிகன் நகர நிலத்தை அவரிடமிருந்து பறித்தது. அவர் கடன் கொடுத்தவர்கள் நிலம் பெற்றனர். அவர் 1857-இல் நிலமிழந்தவராக இறந்தார். சரியாக நூறாண்டு கழித்து, 1957-இல், அவருக்கு 'ஓரிகனின் தந்தை' என்னும் பட்டம் வழங்கப்பட்டது.

நிலம் யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதும் நினையத்தக்கது. முதற்குடிகளோடு உடன்படிக்கை ஆகுமுன்னரே சட்டம் நிலத்தைப் பங்கிட்டது. 1851-இல் டான்சி முனையில் சினூக் மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையை அமெரிக்க மேலவை ஏற்று உறுதி செய்யவே இல்லை. காம்காம்லியின் வழித்தோன்றல்களுக்கு 2001-இல் வழங்கப்பட்ட கூட்டரசு ஏற்பு 2002-இல் திரும்பப் பெறப்பட்டது.

மொழிபெயர்ப்பு குறித்து

'அஸ்டோரியா' ஒதுக்கத்தக்க நூலன்று. நீண்ட ஆற்றுப் பயணங்களையும், கப்பல்தலைவர் தோர்னின் முரட்டுக் கண்டிப்பையும், மலைமேல் பசித்தோர் நடையையும் இவ்வளவு தெளிவாக எழுதியவர் அக்காலத்தில் மிகச் சிலரே. மறைந்துபோன மான்ட்ரியால் வணிகப் பிரபுக்களைப் பற்றிய தொடக்கப் பகுதி நல்ல இரங்கற்பாட்டின் தன்மை உடையது. பட்ட வகுப்பு மாணவர்க்கு நூல் முழுவதையும் வைக்கவியலாது எனினும், மேரி டோரியான் பகுதிகளையும் பெரியம்மைப் புட்டிப் பகுதியையும் தமிழாக்கி வைக்கலாம். அவற்றோடு பிரான்ஷேர் அதே நிகழ்ச்சியை எழுதிய பக்கங்களையும் இணைத்தால், ஓர் எழுத்தரின் நாட்குறிப்பு எவ்வாறு ஒரு தேசத்தின் கதையாகிறது என்பதை மாணவர் தாமே காண்பர்.

தமிழாக்கத்தில் முதற்சிக்கல் அமெரிக்கர் மேற்கு நோக்கி நகர்த்திச் சென்ற அந்நில விளிம்பைக் குறிக்கும் சொல்லில் எழும். 'எல்லை' என்றால் அப்பாலும் ஒருவர் இருக்கிறார் என்பது நம் மொழியின் இயல்பான பொருள். அமெரிக்க வழக்கிலோ அப்பால் வெறுமையே உண்டு. 'எல்லைப்புறம்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. மூலத்தை விடத் தமிழ்ச்சொல் உண்மைக்கு அண்மையில் நிற்கிறது.

இரண்டாவது சிக்கல் இன்னும் கடினம். இர்விங் மேரியைக் குறிக்க வழங்கும் 'ஸ்குவா' என்பது அல்கோங்கிய மொழிகளில் பெண்ணைக் குறித்த சொல். ஆங்கிலத்தில் இழிசொல்லாகி, 2022-இல் அமெரிக்க உள்துறையால் கூட்டரசு இடப்பெயர்களிலிருந்து அகற்றப்பட்டது. இதனைப் 'பெண்மணி' என மொழிபெயர்த்தால் மாணவர்க்கு நாம் ஒரு நயமான இர்விங்கைப் பொய்யாகப் படைத்துத் தருகிறோம். ஆகவே, சொல்லை ஒலிபெயர்த்து அப்படியே வைத்து, பகுதியின் தலைப்பில் மட்டும் 'மேரி டோரியான்' என்று நாம் எழுதலாம். தலைப்பில் உள்ளவர் யார், பாடத்தில் காணோமே என்று மாணவர் கேட்பர். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.